கறுப்புப் பூச்சியின் செம்புக் கம்பி

மார்ச் 2, ஞாயிறு

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இரண்டு மாதமாக மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். காரணம் உண்டு. மே மாதம் கோடைமந்து ஏரியில் எங்கள் தூண்டில் சங்கத்தின் சீசன் தொடக்கம். சென்ற ஆண்டு என் பூச்சிதான் பலகை ஏறியது. இந்த ஆண்டும் ஏறப்போகிறது. அப்புறம் ஆளாளுக்கு வந்து எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்பார்கள். அப்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்க முடியாது.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. தூண்டில் முள்ளில் நூலும் கம்பியும் இறகும் சுற்றி, மீனை ஏமாற்றுவதற்குச் செய்கிற பொய்ப்பூச்சி. மற்றவர்கள் வண்ணாத்திப்பூச்சி அளவுக்குக் கட்டுவார்கள். நான் கட்டுவது மிட்ஜ். பார்ப்பதற்குக் கொசு மாதிரி, ஆனால் கடிக்காது. ஏரியின் அடிச்சேற்றில் புழுவாகக் கிடந்து, கூட்டுப்புழுவாகி, இறக்கை முளைக்கும் நேரத்தில் மேலே மிதந்து வரும். நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே கொஞ்ச நேரம் தொங்கும். டிரவுட் மீன் அதைப் பறக்க விடாது, அங்கேயே விழுங்கிவிடும். அந்தத் தொங்குகிற கோலத்தைத்தான் நான் கட்டுகிறேன். முள் சீரகத்தில் பாதி இருக்கும். அதில் கறுப்பு நூலால் உடம்பு, மேலே செம்புக் கம்பியால் வரி, தலையில் மூச்சுக்குஞ்சம் மாதிரி வெள்ளைப் பஞ்சு ஒரு துளி. அவ்வளவுதான். நீலகிரியில் இதை இந்த அளவில் கட்டுகிற ஆள் நான் ஒருவன்தான். தற்பெருமை இல்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். தொடக்க நாளில் ஒவ்வொருவரும் தான் கட்டிய பூச்சி ஒன்றைப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அடுத்தவர் பூச்சியில்தான் மீன் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மாட்டும் முதல் மீன் பிடித்தவருக்குச் சொந்தமில்லை. பூச்சியைக் கட்டியவருக்குத்தான் சொந்தம். அந்தப் பூச்சி கண்ணாடிச் சட்டம் போட்ட பலகையில், கட்டியவர் பெயருக்கு மேலே ஏறும். சென்ற ஆண்டு சங்கத்து போஜன் என் பூச்சியில் ஒரு ரெயின்போ டிரவுட்டைப் பிடித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் கையில் கொடுத்தார். என் மனைவி லீலா வறுத்தாள். முதல் துண்டை நான் சாப்பிட்டேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம் தவிர மற்றபடி சொந்தப் பூச்சிதான். அடுத்தவர் கட்டியதைத் தன்னுடையது என்று போட்டால் ஒரு சீசன் முழுக்க ஏரியில் தூண்டில் போடக்கூடாது. விதிப்புத்தகத்தில் அந்த வரியை எழுதச் சொன்னவனே நான்தான். தூண்டில்கோல் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். பூச்சி கட்ட முடியாத நாள் வந்தால் நான் ஏரிக்குப் போவதையே விட்டுவிடுவேன்.

மார்ச் 5, புதன்

காலையிலிருந்து ஒரே மூடுபனி. எதிர்க்கடை பெயர்ப்பலகை தெரியவில்லை. லீலா வெயில் போவதற்குள் என்று மெத்தை உறைகளைக் காயப் போட்டுவிட்டு வந்தாளாம். எந்த வெயிலோ.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து நான்கு பூச்சி கட்டினேன். முள் செய்கிறவர்கள் வரவர முள்ளின் காதைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறார்கள். நூல் நுழைவதில்லை. வெள்ளைப் பஞ்சும் வெள்ளையாக வருவதில்லை, டீயில் முக்கி எடுத்தது மாதிரி இருக்கிறது. இந்தக் காலத்தில் எதுவும் ஒழுங்காகச் செய்வதில்லை. பல்பும் மங்கல். இரண்டு தரம் மாற்றியாயிற்று.

லீலா எதிரே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் பூச்சி கட்டுவேன், அவள் பின்னுவாள். அவள் இடதுகைக்காரி. அதனால் அவள் ஊசி போகிற திசையைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும்.

"மணி என்னங்க?" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்து, "நாலே கால்" என்றேன்.

"சரி" என்றாள். கொஞ்ச நேரத்தில் சர்ச்சில் ஆறு மணி அடித்தது. கடிகாரத்துக்கு பேட்டரி போட வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

நேற்றைய நான்கு பூச்சிகளையும் காலையில் கடைக்குக் கிளம்பும்போது தக்கையில் குத்தி வைத்தேன். மதியம் சாப்பிட வந்தபோது உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். எனக்கே பொறாமையாக இருந்தது. தலை அத்தனை சிறிசாக, கம்பி வரி அத்தனை நெருக்கமாக இருந்தது. கட்டும்போது மனதுக்குத் திருப்தி இல்லாமல்தான் எழுந்தேன். ஒரு ராத்திரி ஆறப்போட்டால் பூச்சி தன்னால் இறுகிச் சரியாகிவிடும் போலிருக்கிறது. இதைக் குறித்து வைக்கிறேன். கேட்பவர்களுக்குச் சொல்லலாம்.

மார்ச் 13, வியாழன்

ஜீப்பை உள்ளே விடும்போது கேட் தூண் இடித்துவிட்டது. தூண் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 15, சனி

கேட் தூணுக்கு லீலா வெள்ளையடித்திருக்கிறாள். சுவருக்கு அடிக்காமல் தூணுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டேன். "மிச்சம் இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

போஜன் கடைக்கு வந்தார். கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுச் சம்பாதித்த மனிதர். மீன் பிடிப்பதில் எனக்குச் சமம் என்று அவரே முடிவு செய்துகொண்டவர். கண்ணாடிக் கால் தளர்ந்துவிட்டதாம், முடுக்கிக் கொடுத்தேன்.

சும்மா போக விடுவானேன் என்று சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினேன். காலையில் கட்டி, முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸிலிருந்து எடுத்த கையோடு கொண்டுவந்த பூச்சி.

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என்ன சார், நீலத்துல கட்டியிருக்கீங்க?"

"கறுப்புய்யா."

"நீலம் சார். இந்த ஸ்கூல் புள்ளைங்க ஸ்வெட்டர் இருக்குதே, அந்த நீலம். தலையும் கொஞ்சம் குண்டா போயிருக்குது. புது மாடலா?"

எனக்கு வந்ததே கோபம். "லீலா, இவருக்குக் கண்ணைப் பாரு. கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியல" என்று உள்ளே குரல் கொடுத்தேன். எங்கள் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை, அதற்குப் படித்தவள். நான் லென்ஸ் வெட்டுவேன், ஃபிரேம் மாட்டுவேன், வாடிக்கையாளரிடம் பேசுவேன்.

போஜன் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். லீலா பார்த்தாள். வெளியே வந்து, "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள். என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் தீப்பெட்டியை மூடிப் பைக்குள் போட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

நூல்கண்டு டப்பாவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எல்லாம் இடம் மாறியிருக்கிறது. இப்போது கறுப்பு என்று ஒரே ஒரு கண்டுதான் இருக்கிறது. முன்பு இரண்டு இருந்தது போல ஞாபகம்.

மார்ச் 21, வெள்ளி

இன்று ஒரு வெற்றி. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் லீலா, "கொஞ்சம் வந்து உட்காருங்க. எனக்காக" என்றாள். இதோடு எத்தனையாவது முறை என்று எனக்கே தெரியாது. ஜனவரியிலிருந்து கேட்கிறாள். உட்கார்ந்தேன். எதிரே சுவரில் எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடச் சொன்னாள், மூடினேன். மேலிருந்து கீழே கடகடவென்று சொன்னேன். கடைசி வரி 'ம ட ப ய ர' வரைக்கும். மறு கண்ணிலும் அப்படியே.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை மட்டும் அணைத்தாள். தோற்றவர்களுக்குப் பேச வராது. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

ஒரு டீச்சரம்மா கண் பார்க்க வந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் வாசிப்பது கேட்டது. கடைசி வரியை 'த ன க ச வ' என்றார். பாவம், இவருக்குப் பார்வை ரொம்பவே போய்விட்டது என்று நினைத்தேன். "சரியா சொன்னீங்க டீச்சர்" என்றாள் லீலா.

அவர் போனதும், லீலா டீ வாங்க வெளியே போனாள். நான் பலகைக்குப் பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில் போனேன். மூக்கு இடிக்கிற அளவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. பலகை புதியது. கடை திறந்த அன்று நான் என் கையால் ஆணி அடித்து மாட்டிய பலகை அங்கே இல்லை. அடியில் லென்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது, இந்த ஆண்டு பிப்ரவரி என்றும் இருந்தது.

அப்படியானால் வெள்ளிக்கிழமை நான் வாசித்தது, அங்கே இல்லாத ஒரு பலகையை.

மார்ச் 25, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 26, புதன்

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவன் நான். "கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லி ஏமாத்திக்காதீங்க" என்று எத்தனை பேருக்குப் புத்தி சொல்லியிருப்பேன்.

பயமாக இருக்கிறது. கண்ணில் கத்தி வைப்பதற்குப் பயமில்லை. வைத்த பிறகும் முள்ளின் காது தெரியாமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம். பூச்சி இல்லையென்றால் ஏரி இல்லை.

ராச்சாப்பாட்டின்போது, "எப்பப் போகலாம்?" என்று கேட்டேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. "அடுத்த வியாழன் கோயமுத்தூர்ல நேரம் வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். "போன மாசமே வாங்கிட்டேன். ரெண்டு தடவ தள்ளிப் போட்டேன்." குழம்பு ஊற்றினாள், சாப்பிட்டோம்.

ஏப்ரல் 4, வெள்ளி. கோயமுத்தூர்

நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இன்று கட்டு அவிழ்த்தார்கள்.

சுவர் வெள்ளையாக இருந்தது. இப்படி ஒரு வெள்ளை இருப்பதையே மறந்துவிட்டிருக்கிறேன். இடது கண்ணை மட்டும் திறந்தால் அதே சுவர் டீ நிறம். மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வெளையாடாதீங்க தாத்தா" என்றாள் நர்ஸ். தாத்தா என்றதற்குக் கோபப்படக்கூட நேரமில்லை.

லீலா பழுப்புப் புடவையில் வந்திருக்கிறாள் என்றுதான் நேற்று நினைத்தேன். அது கத்திரிப்பூ நிறம். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணோரம் நிறையக் கோடுகள். நெற்றி மேட்டில் முடி முழுக்க நரைத்திருக்கிறது. இது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. நான் பார்க்காத நேரத்தில் அவள் பாட்டுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறாள்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. அழகா இருக்க."

"மருந்து மயக்கம் இன்னும் தெளியல" என்று நர்ஸிடம் சொன்னாள். ஆனால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கண்ணில் எல்லாம் தெரிகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, தூசி படக் கூடாது. சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராத வேலை. வாசலில் நின்று பார்த்தேன். ஏப்ரல் மாதத்தில் மூடுபனி இல்லை. மார்ச்சிலும் இருந்திருக்காது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. லீலா சர்ச்சுக்குப் போன நேரத்தில் பூச்சிப் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டியில் இரண்டு சாதி இருக்கிறது. சில பூச்சிகள் நீலம். தலை குண்டு, கம்பி ஓரிடத்தில் நெருக்கி, ஓரிடத்தில் விலகி, கோணல்மாணலாகச் சுற்றியிருக்கிறது. பஞ்சு சோளப்பொரி மாதிரி பிதுங்கி நிற்கிறது. இதை யாராவது என்னிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் சிரித்திருப்பேன். இது நான் கட்டியது.

மற்றவை கறுப்பு. நல்ல கறுப்பு. ஒன்றைக்கூடக் குறை சொல்ல முடியவில்லை. உருப்பெருக்கியை எடுத்துக் கம்பியைப் பார்த்தேன். நான் கம்பி சுற்றினால் அது வலப்பக்கம் ஏறும், கண்ணாடித் திருகாணியின் மரை மாதிரி. வலதுகைக்காரன் யார் சுற்றினாலும் அப்படித்தான் வரும். இவற்றில் கம்பி இடப்பக்கம் ஏறுகிறது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் எதிர்மரை.

இந்த வீட்டில் இடதுகைக்காரர் ஒருவர்தான்.

நான் பத்து மணிக்குக் கடைக்குப் போவேன். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறேன் என்று பதினொன்றரைக்கு வருவாள். பூச்சி ராத்திரியில் தன்னால் இறுகிக்கொள்ளுமாம். எழுதி வைத்திருக்கிறேன் பாருங்கள், அறிவாளி.

ஏப்ரல் 14, திங்கள்

நேற்று அவளோடு பேசவில்லை. இன்றும் பேசவில்லை. யாரைக் கேட்டு என் வைஸில் கை வைத்தாள்? கோபம் என் மேல்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அவள் மேல்தான் கோபம். கண்ணில்லாதவனுக்கு வழி காட்டுகிற மாதிரி, எனக்கே தெரியாமல் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தூணுக்கு வெள்ளை, நூல்கண்டு டப்பா, எல்லாம் அந்தக் கணக்குத்தான்.

"கண்ணு உறுத்துதாங்க?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள் கட்டியது நான் கட்டியதைவிட நன்றாக இருக்கிறது. கண் நன்றாக இருந்த காலத்தில் நான் கட்டியதைவிடவும். இந்த வரியை எழுத எனக்கு அரை நாள் ஆயிற்று.

ஏப்ரல் 21, திங்கள்

ஈஸ்டர் முடிந்தது. மனதில் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்துச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் ஹமீது பாய் மட்டும் இருந்தார். பலகையை இறக்கச் சொன்னேன். சென்ற ஆண்டின் பூச்சி. கீழே பித்தளைத் தகட்டில் என் பெயர். உருப்பெருக்கியை வைத்தேன்.

இடப்பக்கம் ஏறியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார்.

"போன வருசத்தத இப்ப எதுக்கு சார் கிளறணும்? யாருக்குத் தெரியப்போவுது?"

"என் வலது கண்ணுக்குத் தெரியும்."

"விதி ஞாபகம் இருக்குல்ல? ஒரு சீசன் வெளிய நிக்கணும். நீங்க எழுதுன விதி சார் அது."

"நான் எழுதினதுதான். அதனாலதான் சொல்றேன்."

"நீங்க வேணும்னு செய்யலையே. கண்ணு தெரியல, அவ்வளவுதானே."

"விதியில கண்ணு தெரியாதவனுக்குன்னு தனி வரி இல்ல பாய். இந்த சீசன் நான் வெளிய. அந்தத் தகட்டுல பேர மாத்தணும். அப்புறம், உறுப்பினர் படிவம் ஒண்ணு குடுங்க."

"யாருக்கு?"

சொன்னேன்.  பாய் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது, இந்த ஆண்டு ஏரியில் தூண்டில் போட முடியாது என்ற துக்கம் வரும் என்று காத்துக்கொண்டே வந்தேன். வந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வந்தது. நீலகிரியில் மிட்ஜ் இந்த அளவில் கட்டுகிற ஆள் என் வீட்டில் இருக்கிறாள். என் மனைவி அவள். ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர், "அப்படிங்களா" என்றார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

படிவத்தை லீலாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தாள். எப்போது தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேனா கேட்டாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். புஷ்பலீலா என்று முழுப்பெயர் எழுதினாள். அவ்வளவு அழுத்தி எழுதினாள்.

பிறகு, "வைஸ எனக்கு ஜன்னல் பக்கம் திருப்பிப் போடணும். இத்தனை நாளா உங்க பக்கமா இருந்தத வெச்சு முதுகு ஒடிஞ்சுபோச்சு" என்றாள்.

திருப்பிப் போட்டேன்.

மே 4, ஞாயிறு

இன்று அவள் பூச்சி கட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஸ்வெட்டர் பின்ன எனக்குத் தெரியாது, அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பஞ்சை இன்னும் கொஞ்சம் குறை என்றேன். "பேசாம இருங்க" என்றாள். முடித்ததும் பார்த்தேன். அவள் வைத்த அளவுதான் சரி.

மே 10, சனி

நாள் முழுவதையும் எழுத வேண்டும்.

காலையில் ஏரிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். சோலைமரங்களுக்குப் பின்னால் வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் மிட்ஜ் கூட்டம் புகை மாதிரி நின்றது. அங்கங்கே மீன் மூக்கால் வட்டம் போட்டது. போன ஆண்டு இது எதுவும் எனக்குத் தெரியவில்லை என்பதே இன்றுதான் தெரிந்தது. மற்றவர்கள் "அதோ, அதோ" என்றபோது நானும் "அதோ" என்றிருக்கிறேன்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் நான் எழுந்து நின்றேன். பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். தகட்டைக் கழற்றினேன். கண்ணாடிக் கடைக்காரனிடம் சின்னத் திருப்புளி எப்போதும் இருக்கும். புதுத் தகட்டை முடுக்கினேன். புஷ்பலீலா. பிறகு சொன்னேன்.

"போன வருஷம் பலகை ஏறின பூச்சி என்னுது இல்ல. எனக்கே தெரியாது. எனக்குக் கண்ணு தெரியல, அதையும் நான் ஒத்துக்கல. கட்டினது என் வீட்டுக்காரி. விதிப்படி இந்த சீசன் நான் தூண்டில் போடமாட்டேன். அவளுக்கு வலை பிடிக்க வந்திருக்கேன்."

 லீலாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தேன். குனியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

போஜன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நான் போன வருசம் தோத்தது உங்ககிட்ட இல்ல சார். அது போதும் எனக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி?

டப்பா சுற்றி வந்தது. லீலாவுக்கு ஹமீது பாயின் பூச்சி வந்தது. ஒரு பெரிய இறகுக் குப்பை அது. போஜன் எடுத்ததைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தடி தள்ளி நின்றே தெரிந்தது. செம்புக் கம்பி வெயிலில் மின்னியது.

லீலாவுக்குத் தூண்டில் வீச வராது. கரைப் புதரில் இரண்டு தரம், என் தொப்பியில் ஒரு தரம் மாட்டினாள். நான் என் பங்குக்கு எதுவும் சொல்லவில்லை, என் ஜென்மத்தில் நான் காத்த பெரிய பொறுமை அதுதான். ஆனால் கண் மட்டும் போஜன் பக்கமே இருந்தது. அவர் நல்ல வீச்சுக்காரர், இன்று ஒத்துக்கொள்கிறேன். மெல்ல வீசினார், இழுக்காமல் விட்டார். பூச்சியைத் தொங்கவிட வேண்டும், அதுதான் மிட்ஜின் ரகசியம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் முடியப்போகிறதென்று ஹமீது பாய் விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் பூச்சிக்காக என்றைக்கும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

மிதந்துகொண்டிருந்த தூண்டில் கயிற்றின் நுனி சட்டென்று நின்றது. அவ்வளவுதான். போஜன் கோலைத் தூக்கினார். கோல் வளைந்தது.

"வலை, வலை" என்று கத்தினார். நான்தான் பக்கத்தில் இருந்தேன். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்ன காலம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, குனிந்தேன். மீன் வலைக்குள் வந்தது. பக்கவாட்டில் அந்த ரோஜா நிறப் பட்டை, மேலே கறுப்புப் புள்ளிகள். இத்தனை நிறம் இந்த மீனுக்கு இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வாயோரத்தில் சீரகத்தில் பாதி, கறுப்பாக.

போஜன் மீனை எடுத்துக்கொண்டு கரையேறினார். பழக்கதோஷம், நான் கையை நீட்டிவிட்டேன். அவர் என் கையைத் தாண்டிப் போய், லீலா முன்னால் நின்று, தலையைச் சற்றுக் குனிந்து, மீனை இரண்டு கையாலும் நீட்டினார். "உங்க மீனு மேடம்."

அவள் வாங்கிக்கொண்டாள். நான் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கைதட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். தட்டுவதை முதலில் ஆரம்பித்தவன் நான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைக்கட்டும்.

சாயங்காலம் வீட்டில் மீனை நான் வறுத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு மாதமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? கம்பிய நீ இடப்பக்கமா சுத்தியிருக்க. இடதுகைக்காரி, உனக்கு வேற வழி இல்ல. நான் சுத்துற பக்கமா மட்டும் நீ சுத்தியிருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சே இருக்காது."

லீலா பரிமாறும் தட்டில் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஸ்வெட்டர்ல ரெண்டு பக்கமும் பின்றவ நான். எனக்கு வலப்பக்கம் சுத்தத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

எடுத்த முள்ளை ஓரமாக ஒதுக்கினாள்.

"என்னைக்காவது கண்ணு தெளிஞ்சு பாப்பீங்கல்ல. அன்னைக்குத் தெரியட்டும்னுதான் அப்படிச் சுத்தினேன்."

முதல் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.